ஊழியருக்குப் பங்கு, கம்பெனிக்குக் கடன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கம்பெனி செயலராகத் தொழில் செய்பவன் நான். என்னிடம் வருபவர்கள் பெரும்பாலும் சிறு, நடுத்தர கம்பெனிகளின் முதலாளிகள். சில வேளைகளில் அவர்களிடம் வேலை பார்ப்பவர்களும் கையில் ஒரு கடிதத்தோடு வருவார்கள். இரு தரப்பாரும் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றேதான். அவற்றுக்கான பதில்களை இந்தியாவின் 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தையும் அதன்கீழ் 2014-இல் வந்த விதிகளையும் வைத்து இங்கே எழுதுகிறேன்.

ஈசாப் (ஊழியர் பங்குத் திட்ட உரிமை) கொடுத்திருக்கிறார்கள். அப்படியென்றால் நான் பங்குதாரர் ஆகிவிட்டேனா?

இல்லை. பின்னொரு நாளில், இன்றே குறித்த விலையில் பங்கு வாங்கிக்கொள்ளும் உரிமைதான் இப்போது உங்கள் கையில் இருக்கிறது. பங்கு இன்னும் வரவில்லை. பங்கு ஒதுக்கப்படும் நாள்வரை உங்களுக்கு டிவிடெண்டும் கிடையாது, வாக்கும் கிடையாது.

சென்ற மாதம் ஓர் இளைஞர் காட்டிய கடிதத்தில் இப்படி இருந்தது: 4,000 உரிமைகள், பங்கு ஒன்றுக்கு 10 ரூபாய், ஆண்டுக்கு 1,000 வீதம் நான்கு ஆண்டுகளில் முதிரும் (அதாவது பயன்படுத்தும் நிலைக்கு வரும்), வேலையை விட்டால் 90 நாள்களுக்குள் வாங்கிக்கொள்ள வேண்டும். அவர் கண்ணில் பட்டது 4,000 என்ற எண் மட்டும்தான். நான் அந்த 90-ஐ அடிக்கோடிட்டுக் கொடுத்தேன். ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

யாருக்குக் கொடுக்கலாம்? யாருக்குக் கூடாது?

நிரந்தர ஊழியர்களுக்குக் கொடுக்கலாம்; அவர்கள் இந்தியாவில் வேலை பார்த்தாலும் வெளிநாட்டில் பார்த்தாலும் சரி. இயக்குநர்களுக்கும் கொடுக்கலாம், சுயேச்சை இயக்குநர்களுக்குக் கூடாது. தாய்க் கம்பெனி, துணைக் கம்பெனி ஊழியர்களுக்கும் வழி உண்டு.

புரமோட்டர்களுக்கும் (கம்பெனியைத் தொடங்கி நடத்துபவர்கள்), தாமாகவோ உறவினர் வழியாகவோ வேறு கம்பெனி வழியாகவோ 10 சதவீதத்துக்கு மேல் பங்கு வைத்திருக்கும் இயக்குநர்களுக்கும் கொடுக்க முடியாது. அரசின் அங்கீகாரம் பெற்ற ஸ்டார்ட்அப் (புதுத்தொழில்) கம்பெனிகளுக்கு மட்டும், பதிவான நாளிலிருந்து 10 ஆண்டுகள் வரை இந்தத் தடை இல்லை. முதலில் 5 ஆண்டாக இருந்த இந்தச் சலுகையை 2019-இல் நீட்டினார்கள்.

ஒப்பந்த அடிப்படையில் வேலை செய்பவர், ஆலோசகர், பகுதிநேர வடிவமைப்பாளர் போன்றவர்களுக்கும் ஈசாப் கொடுத்துவிட்டு வருபவர்கள் உண்டு. நல்ல எண்ணத்தில் செய்வதுதான். ஆனால் நிரந்தர ஊழியர் அல்லாதவருக்கு இந்த விதியின்கீழ் கொடுத்தது செல்லாது. அவர்களுக்கு வேறு வழியில்தான் பங்கு தர வேண்டும்.

முதலாளி மின்னஞ்சலில் எழுதிக் கொடுத்தால் போதாதா?

போதாது. பங்குதாரர்கள் கூட்டத்தில் தீர்மானம் நிறைவேற வேண்டும். பப்ளிக் கம்பெனி (பொதுமக்களுக்குப் பங்கு விற்கக்கூடியது) என்றால் சிறப்புத் தீர்மானம், அதாவது எதிர்வாக்குகளைப் போல மூன்று மடங்கு ஆதரவு வாக்குகள் தேவை. 30 நாள்களுக்குள் எம்ஜிடி-14 படிவத்தில் கம்பெனிகள் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். தனியார் கம்பெனிக்கு 2015 ஜூன் 5-ஆம் தேதி அறிவிக்கையின்படி சாதாரணத் தீர்மானமே போதும். ஆனால் ஆண்டுக் கணக்கையோ ஆண்டறிக்கையையோ தாக்கல் செய்யாமல் விட்ட கம்பெனிக்கு இந்தச் சலுகை இல்லை.

கூட்ட அறிவிப்போடு போகும் விளக்கக் குறிப்பில் மொத்தம் எத்தனை உரிமைகள், யார் தகுதியுள்ளவர், எப்போது முதிரும், விலையை எப்படிக் கணக்கிடுவார்கள், வேலையை விட்டால் என்ன ஆகும் என்பதெல்லாம் இருக்க வேண்டும். துணைக் கம்பெனி ஊழியர்களுக்குக் கொடுப்பதற்கும், ஒரே ஆண்டில் ஒரு குறிப்பிட்ட ஊழியருக்கு மூலதனத்தில் 1 சதவீதமோ அதற்கு மேலோ கொடுப்பதற்கும் தனித்தனித் தீர்மானம் தேவை.

ஊழியர்களுக்கு ஒரு வார்த்தை: கடிதத்தோடு திட்டத்தின் நகலையும் தீர்மானத்தின் தேதியையும் கேட்டு வாங்குங்கள். இதைக் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு நீங்கள் ஏற்கும் ஊதியம் அது.

வேலையை விட்டால் என்ன ஆகும்?

முதிராத உரிமைகள் அன்றே காலாவதி. முதிர்ந்தவற்றைத் திட்டத்தில் சொன்ன காலத்துக்குள் பயன்படுத்தலாம். அந்தக் காலம் இத்தனை நாள் என்று சட்டம் வரையறுக்கவில்லை; கம்பெனியின் திட்டம்தான் தீர்மானிக்கிறது. 30 நாள் என்று எழுதியவர்களையும் பார்த்திருக்கிறேன், ஐந்து ஆண்டு என்று எழுதியவர்களையும் பார்த்திருக்கிறேன்.

உரிமை கொடுத்த நாளுக்கும் முதிரும் நாளுக்கும் இடையே ஓராண்டாவது இருந்தே தீர வேண்டும் என்பதைக் கம்பெனி விருப்பத்துக்குச் சட்டம் விடவில்லை. பதினோராவது மாதத்தில் விலகுபவருக்கு எதுவும் இல்லை.

90 நாள் ஏன் முக்கியம் என்றால், அதற்குள் பங்கின் விலையையும் அதற்கு மேல் வரியையும் கைக்காசிலிருந்து கட்ட வேண்டும். பங்குச் சந்தையில் பட்டியலிடப்படாத கம்பெனியின் பங்கை உடனே விற்றுக் காசாக்கவும் முடியாது. மூன்று, நான்கு ஆண்டு உழைத்து முதிரச் செய்த உரிமையை, பணம் புரட்ட முடியாமல் விட்டுப் போனவர்கள் பலர். திட்டம் எழுதும் முதலாளிகளிடம் நான் தவறாமல் கேட்டுக்கொள்வது இந்த ஒன்றைத்தான்: அந்தக் காலத்தை ஓராண்டாவது ஆக்குங்கள். கம்பெனிக்கு அதனால் ஒரு செலவும் இல்லை.

ஊழியர் இறந்துவிட்டால்?

இதில் சட்டம் தெளிவாகவும் இரக்கத்தோடும் இருக்கிறது. அதுவரை கொடுக்கப்பட்ட அனைத்தும், முதிராதவையும் சேர்த்து, சட்டப்படியான வாரிசுகளுக்கோ நாமினிக்கோ முதிர்ந்துவிடும். வேலையில் இருக்கும்போது நிரந்தர ஊனம் ஏற்பட்டாலும் அன்றைய தேதியில் முழுவதும் அந்த ஊழியருக்கு முதிரும்.

ஒருமுறை கணவரை இழந்த பெண் ஒருவர் வந்தார். கணவருக்கு 3,000 உரிமைகள் கொடுத்திருந்தார்கள். முதிர்ந்தது 750 மட்டுமே, மீதியெல்லாம் போய்விட்டது என்று மனிதவளப் பிரிவில் சொல்லிவிட்டார்கள். அவர்கள் ஏமாற்றவில்லை, வேலையை விட்டவருக்கான விதியை இறந்தவருக்கும் பொருத்திவிட்டார்கள். ஈசாப் பதிவேட்டை, அதாவது எஸ்ஹெச்-6 படிவத்தை, எடுத்துவரச் சொன்னோம். கணவரின் பெயருக்கு நேரே 3,000 என்று பதிவாகியிருந்தது, பக்கத்தில் செயலரின் சுருக்கொப்பமும் தேதியும். விதியையும் அந்த வரியையும் சேர்த்து வைத்துக் காட்டியபின் வாதத்துக்கே இடமில்லாமல் போயிற்று. சில மாதங்களில் 3,000 பங்குகளும் அவருடைய டீமேட் கணக்குக்கு (பங்கை மின்னணு வடிவில் வைக்கும் கணக்கு) வந்தன. அந்தப் பதிவேட்டில் பெயர் இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன்.

ஆகவே உங்கள் பெயர் எஸ்ஹெச்-6 பதிவேட்டில் ஏறியிருக்கிறதா என்று கேளுங்கள். நாமினி யார் என்று எழுதிக் கொடுங்கள். இந்த உரிமைகளை வேறு யாருக்கும் விற்கவோ மாற்றவோ முடியாது, அடகும் வைக்க முடியாது.

வரி எப்போது, எவ்வளவு?

இரண்டு முறை. முதலாவது, உரிமையைப் பயன்படுத்திப் பங்கு வாங்கும்போது. அன்றைய சந்தை மதிப்புக்கும் நீங்கள் கொடுத்த விலைக்கும் உள்ள வித்தியாசம் உங்கள் சம்பளத்தோடு சேர்கிறது. மேலே சொன்ன இளைஞரையே எடுத்துக்கொள்வோம். 1,000 பங்குகளை 10 ரூபாய்க்கு வாங்குகிறார். மதிப்பு 310 ரூபாய் என்றால் 3 லட்ச ரூபாய் சம்பள வருமானம். 30 சதவீத வரம்பில் இருந்தால் 4 சதவீத செஸ் சேர்த்து 93,600 ரூபாய் வரி. பங்குக்குக் கொடுத்தது 10,000 ரூபாய். ஒரு பைசாகூடக் கைக்கு வராத நிலையில் வரி அதைப்போல ஒன்பது மடங்கு. பட்டியலிடப்படாத பங்கின் மதிப்பை மெர்ச்சன்ட் பேங்கர் (பங்கு வெளியீட்டுக்கு ஆலோசனை தரும் நிதி நிறுவனம்) ஒருவர்தான் சான்றளிக்க வேண்டும்.

இரண்டாவது, விற்கும்போது. 310-க்கு மேல் கிடைப்பது மூலதன ஆதாயம். பட்டியலிடப்படாத பங்கு 24 மாதம், பட்டியலிட்டது 12 மாதம் கடந்தால் அது நீண்டகால ஆதாயம்.

வரிச் சலுகைச் சான்றிதழ் பெற்ற ஸ்டார்ட்அப்களின் ஊழியர்களுக்கு 2020 நிதிச் சட்டம் பங்கு வாங்கும்போது வரும் முதல் வரியைத் தள்ளிப்போட வழி செய்தது. பங்கை விற்பது, வேலையை விடுவது, சட்டம் சொன்ன 48 மாதக் கெடு முடிவது ஆகிய மூன்றில் எது முன்னே வருகிறதோ அப்போது கட்டினால் போதும். ஆனால் ஸ்டார்ட்அப் என்ற அங்கீகாரம் பெற்ற எல்லாக் கம்பெனிகளுக்கும் இந்தச் சான்றிதழ் இருப்பதில்லை. உங்கள் கம்பெனிக்கு இருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கணக்குப் போடுங்கள்.

தாய்க் கம்பெனி அமெரிக்காவில் இருக்கிறது, பங்கும் அங்கிருந்துதான் வருகிறது. அப்போது?

சென்னையில் தொடங்கிய மென்பொருள் நிறுவனமான ஃப்ரெஷ்வொர்க்ஸ் 2021 செப்டம்பரில் நாஸ்டாக் சந்தையில் பட்டியலானபோது, அதன் ஊழியர்களில் 500-க்கும் மேற்பட்டோர் கோடீஸ்வரர்கள் ஆனார்கள் என்ற செய்தி தமிழ்நாடு முழுவதும் பேசப்பட்டது. அதன்பிறகுதான் இங்கே ஈசாப் என்ற சொல் வீட்டுப் பேச்சுக்கு வந்தது. ஆனால் அவர்கள் வைத்திருந்தது அமெரிக்கக் கம்பெனியின் பங்கு. அதை வெளியிடும் முறைக்கு நம் கம்பெனிகள் சட்டம் பொருந்தாது. அந்த நாட்டுச் சட்டமும் திட்டமும்தான் பேசும்.

வரி மட்டும் இங்கே உண்டு. இந்தியாவில் குடியிருப்பவர் அந்தப் பங்குகளை வருமான வரிக் கணக்கில் அயல்நாட்டுச் சொத்து அட்டவணையில் ஆண்டுதோறும் காட்ட வேண்டும். விற்கவில்லையே, எதற்குக் காட்ட வேண்டும் என்று விட்டுவிடுபவர்கள் பெரிய அபராதத்துக்கு ஆளாகிறார்கள்.

ஸ்வெட் ஈக்விட்டி என்பது வேறா?

வேறு. பங்கை முகமதிப்புக்கு (பங்கில் குறித்த மதிப்பு) கீழே வெளியிடக் கூடாது என்பது பொது விதி. அதற்குச் சட்டம் சொல்லும் விலக்கு ஸ்வெட் ஈக்விட்டி. அறிவுசார் சொத்தோ தொழில்நுட்ப அறிவோ கொண்டுவந்தவருக்குக் கழிவு விலையிலோ பணம் வாங்காமலோ பங்கு தரலாம். புரமோட்டராக இருக்கும் இயக்குநரும் பெறலாம் என்பதால் நிறுவனர்கள் இதை விரும்புகிறார்கள்.

சிறப்புத் தீர்மானம் தேவை. அதிலிருந்து 12 மாதத்துக்குள் ஒதுக்கிவிட வேண்டும். பதிவுபெற்ற மதிப்பீட்டாளரின் அறிக்கை வேண்டும். ஓராண்டில் மூலதனத்தின் 15 சதவீதம் அல்லது 5 கோடி ரூபாய், இரண்டில் எது அதிகமோ அதுவரை. மொத்தத்தில் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஸ்டார்ட்அப்புக்கு முதல் 10 ஆண்டுகள் 50 சதவீதம் வரை இடமுண்டு. பெற்றவர் மூன்று ஆண்டுகள் விற்க முடியாது.

பங்கு வாங்க ஊழியருக்குக் கம்பெனியே கடன் கொடுக்கலாமா?

பப்ளிக் கம்பெனி தன் பங்கை வாங்கப் பிறருக்குப் பணம் தரக் கூடாது. இதற்கு விலக்கு உண்டு: இயக்குநர், முதன்மை நிர்வாகிகள் தவிர மற்ற ஊழியர்களுக்கு ஆறு மாதச் சம்பளம் வரை கடன் தரலாம். ஊழியர் நலனுக்கான டிரஸ்ட் வழியாகவும் செய்யலாம்.

பட்டியலிட்ட கம்பெனிகளுக்கும் இதே விதிகளா?

அவற்றுக்குப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியமான செபியின் 2021-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள். ஓராண்டுக் காத்திருப்பு அங்கும் உண்டு. கூடுதலாக ஊதியக் குழுவின் மேற்பார்வையும் உண்டு.

டிபெஞ்சர் என்பது என்ன? பங்குக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

கம்பெனி வாங்கும் கடனுக்கான பத்திரம். பங்கு வைத்திருப்பவர் உரிமையாளர். டிபெஞ்சர் வைத்திருப்பவர் கடன் கொடுத்தவர். லாபம் வந்தாலும் வராவிட்டாலும் வட்டி கொடுத்தாக வேண்டும். வாக்குரிமையோடு டிபெஞ்சர் வெளியிடச் சட்டம் அனுமதிக்கவில்லை. பங்காக மாறும் வகை என்றால் சிறப்புத் தீர்மானம் வேண்டும்.

தெரிந்தவர்களிடமும் ஊழியர்களிடமும் டிபெஞ்சர் என்ற பெயரில் பணம் வாங்கலாமா? வெளியே விளம்பரம் செய்யவில்லையே!

இந்தக் கேள்விக்குப் பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. நாணயமானவர்கள்கூட சிக்கிக்கொள்ளும் இடம் இதுதான்.

முதல் சிக்கல், டெபாசிட் விதி. சொத்தின்மேல் முதல் பிணை (கடன் திரும்பாவிட்டால் அந்தச் சொத்திலிருந்து முதலில் வசூலிக்கும் உரிமை) இல்லாத, பங்காகவும் மாறாத, சந்தையில் பட்டியலிடவும் செய்யாத டிபெஞ்சரைச் சட்டம் டெபாசிட் என்றே பார்க்கிறது. தலைப்பில் என்ன எழுதியிருந்தாலும் மாற்றமில்லை. டெபாசிட் வாங்கத் தகுதியில்லாத கம்பெனி அதை வாங்கினால், பொறுப்பான அதிகாரிக்கு 7 ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடமிருக்கிறது. தப்ப இரண்டு வழிகள்: புலப்படும் சொத்தின்மேல், அதன் மதிப்பைத் தாண்டாமல், முதல் பிணை கொடுப்பது, அல்லது 10 ஆண்டுக்குள் கட்டாயமாகப் பங்காக மாறும்படி எழுதுவது. ஊழியரிடம் வேலை ஒப்பந்தப்படி வட்டியில்லாக் காப்புத்தொகை வாங்கலாம். அதுவும் அவரது ஓராண்டுச் சம்பளத்தைத் தாண்டக் கூடாது.

இரண்டாவது, எண்ணிக்கை. தனிப்பட்ட முறையில் பத்திரம் விற்பதென்றால், ஒரு நிதியாண்டில் ஒவ்வொரு வகைப் பத்திரத்துக்கும் 200 பேருக்கு மேல் அழைப்புக் கொடுக்கக் கூடாது. வாங்கியவர் எண்ணிக்கை அல்ல, அழைக்கப்பட்டவர் எண்ணிக்கை. ஈசாப் பெறும் ஊழியர்கள் இந்த 200-இல் சேரமாட்டார்கள். ஆனால் டிபெஞ்சர் வாங்க அழைக்கப்படும் ஊழியர் சேருவார். வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி போட்டாலே விளம்பரத் தடையை மீறியதாகிவிடும்.

சஹாரா வழக்கை நினைவுபடுத்துகிறேன். அந்தக் குழுமத்தின் இரண்டு கம்பெனிகள், விருப்பத்தின்பேரில் பங்காக மாறும் டிபெஞ்சர்களை ஏறக்குறைய 3 கோடிப் பேருக்கு விற்று 24,000 கோடி ரூபாய்க்கு மேல் திரட்டின. நண்பர்கள், ஊழியர்கள், குழுமத்தோடு தொடர்புடையவர்கள் ஆகியோருக்கு மட்டுமே தனிப்பட்ட முறையில் கொடுத்தோம் என்பது அவர்கள் வாதம். அப்போதிருந்த சட்டத்தில் வரம்பு 50 பேர். உச்ச நீதிமன்றம் 2012 ஆகஸ்ட் 31-இல், இது பொது வெளியீடுதான் என்று சொல்லி 15 சதவீத வட்டியோடு பணத்தைத் திருப்பித் தர உத்தரவிட்டது. தெரிந்தவர்கள்தானே என்ற வாதம் எவ்வளவு தூரம் நிற்கும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

சரியாகச் செய்ய என்ன வழிமுறை?

அழைக்கப்படும் ஒவ்வொருவருக்கும் அவர் பெயரிட்ட பாஸ்-4 அழைப்புக் கடிதம் போக வேண்டும். பணம் வங்கி வழியாக, தனிக் கணக்குக்கு வர வேண்டும், ரொக்கம் கூடாது. 60 நாள்களுக்குள் பத்திரத்தை ஒதுக்க வேண்டும். முடியாவிட்டால் அடுத்த 15 நாள்களுக்குள் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். அதையும் தவறினால் 60-ஆவது நாள் முடிந்ததிலிருந்து 12 சதவீத வட்டி. ஒதுக்கியபின் 15 நாள்களுக்குள் பாஸ்-3 படிவத்தை (ஒதுக்கீட்டு அறிக்கை) தாக்கல் செய்ய வேண்டும், அதுவரை அந்தப் பணத்தைத் தொடக் கூடாது. சம்பள நாள் வந்துவிட்டது என்று அதற்குள் எடுத்துச் செலவழித்துவிடுகிறார்கள். அதுவும் மீறல்தான்.

சிறு கம்பெனி என்ற வரையறைக்குள் வராத தனியார் கம்பெனிகள் இப்போது பங்கையும் பத்திரத்தையும் டீமேட் வடிவில்தான் வெளியிட வேண்டும்.

பிணையுள்ள டிபெஞ்சர் என்கிறார்கள். எப்படிச் சரிபார்ப்பது?

பிணையைக் கம்பெனிகள் பதிவாளரிடம் 30 நாள்களுக்குள் சிஹெச்ஜி-9 படிவத்தில் பதிவு செய்ய வேண்டும். கம்பெனி விவகார அமைச்சக இணையதளத்தில் கம்பெனியின் பெயரைத் தேடினால், அதன் சொத்துகளின்மேல் யார் யாருக்கு எவ்வளவு பிணை இருக்கிறது என்ற பட்டியல் வரும். அதில் அதே கட்டடத்தின்மேல் வங்கியின் பெயர் முன்னமே இருந்தால், உங்களுக்கு முதல் பிணை என்ற சொல்லை நம்பாதீர்கள்.

பிணையுள்ள டிபெஞ்சரை 10 ஆண்டுக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும். உள்கட்டமைப்புக் கம்பெனிகளுக்கு 30 ஆண்டு வரை இடமுண்டு. டிபெஞ்சர் வைத்திருப்பவர்களின் நலனைக் காக்கும் டிரஸ்டி ஒருவர் இருக்க வேண்டும். பட்டியலிடாத சாதாரணக் கம்பெனி, நிலுவையிலுள்ள டிபெஞ்சர் மதிப்பில் 10 சதவீதத்தை லாபத்திலிருந்து தனி நிதியாக ஒதுக்க வேண்டும். 2019-க்கு முன் இது 25 சதவீதமாக இருந்தது. இந்தக் குறைப்பு முதலீட்டாளருக்கு நல்லதல்ல என்பது என் கருத்து. இதோடு, அடுத்த மார்ச் 31-க்குள் முதிரும் தொகையில் 15 சதவீதத்தை ஏப்ரல் 30-க்குள் பாதுகாப்பான முதலீடாக வைத்திருக்க வேண்டும்.

கடனைக் கட்டும் திறனுக்குத் தரப்படும் தரமதிப்பீட்டை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். உள்கட்டமைப்புக்கு நிதி தந்த ஐஎல் அண்ட் எஃப்எஸ் நிறுவனம் 2018-இல் கடனைக் கட்டத் தவறியது. அதற்குச் சில வாரங்கள் முன்புவரை அது மிக உயர்ந்த மதிப்பீட்டில் இருந்தது.

தேதி கடந்தும் பணம் வரவில்லை. என்ன செய்யலாம்?

டிரஸ்டியை எதிர்பார்த்தே இருக்க வேண்டியதில்லை. அசலோ வட்டியோ தவறினால், டிபெஞ்சர் வைத்திருக்கும் ஒரே ஒருவர்கூட தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்தை அணுகி, உடனே கொடுக்க உத்தரவு கேட்கலாம். இதற்கான அமர்வு சென்னையிலேயே இருக்கிறது. தவறு ஓராண்டு நீடித்தால் அந்தக் கம்பெனியின் இயக்குநர்கள் ஐந்து ஆண்டுகளுக்கு இயக்குநர் பதவிக்குத் தகுதியிழக்கிறார்கள். நோட்டீஸில் இந்தப் பிரிவை எழுதினால் பதில் வேகமாக வருவதைக் கண்டிருக்கிறேன். திவால் சட்டத்தின்கீழ் போக வேண்டுமென்றால் ஒரு கோடி ரூபாய்க்குக் குறையாத தவறு இருக்க வேண்டும். அந்த வகைப் பத்திரதாரர்களில் 100 பேரோ 10 சதவீதத்தினரோ சேர்ந்து வர வேண்டும்.

நான் வேலை பார்க்கும் கம்பெனியே டிபெஞ்சர் தருகிறது. ஏற்கெனவே ஈசாப்பும் இருக்கிறது. வாங்கலாமா?

கம்பெனி மூடப்பட்டால் பணம் பிரிக்கப்படும் வரிசையைப் பாருங்கள். நடைமுறைச் செலவுகளுக்குப் பின், தொழிலாளரின் 24 மாத நிலுவையும் பிணையைக் கைவிட்டு வரிசைக்கு வந்த பிணையுள்ள கடன்காரரும் ஒரே படியில். அதற்கடுத்து மற்ற ஊழியரின் 12 மாதச் சம்பளம். அதன்பின் பிணையற்ற கடன். அரசின் பாக்கியும் பிறவும் போய், கடைசிப் படியில் சாதாரணப் பங்குதாரர்.

மாதச் சம்பளமும் முதிர்ந்த பங்கும் சேமிப்பும் ஒரே கம்பெனியில் இருந்தால், ஒரே நாளில் நீங்கள் இந்த வரிசையில் மூன்று இடங்களில் நிற்பீர்கள். அப்படியும் வாங்க நினைத்தால், முதல் பிணையுள்ளதை மட்டும், சிஹெச்ஜி-9 பதிவைக் கண்ணால் பார்த்தபின், ஆறு மாதம் சம்பளம் இல்லாவிட்டாலும் வீடு நடக்கும் அளவுக்கு வங்கியில் தனியே வைத்துவிட்டு வாங்குங்கள். வாங்காவிட்டால் பதவி உயர்வு இல்லை என்ற குறிப்பு வாய்மொழியாக வந்தாலும், அதை எழுத்தில் கேளுங்கள்.